பிச்சைமுத்து சொன்ன வியாகுலம்

இல்லைங்க சாமி, நான் பிச்சைமுத்து பாவத்தைச் சொல்ல வரல. என் பாவத்தைச் சொல்லத்தான் முட்டி போட்டிருக்கேன். ஆனா அவனைச் சொல்லாம என்னதைச் சொல்ல வழியில்ல. ரெண்டும் பின்னிக் கெடக்கு. சுருக்கமாத்தான் சொல்லுவேன். வரிசையில நிக்கிறவங்க நிக்கட்டும், வருசத்துக்கு ஒருக்கா வாரவங்கதானே, நின்னா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டாங்க.

நீங்க இன்னைக்குக் காலையிலதான் திருச்சினாப்பள்ளி பஸ்ஸுல வந்து எறங்குனீங்க. நாளைக்குப் பாஸ்குத் திருநாளு, அதுக்கு ஊரே பாவசங்கீர்த்தனம் பண்ணும், எங்க சாமியார் ஒருத்தரால முடியாதுன்னு ஒத்தாசைக்கு வந்திருக்கீங்க. அதனாலதான் அவரு பக்கம் போகாம உங்க பக்கம் வந்தேன். அவருகிட்ட எப்படிச் சொல்லுவேன்? இம்புட்டுக்கும் மூலகாரணமே அவருதானே.

நான் இந்த ஊரு உபதேசியாருங்க. இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. பிள்ளைங்களுக்கு மந்திரம் சொல்லிக் குடுக்கிறது, சாமியார் வராத ஞாயித்துக்கெழமை செபம் நடத்துறது, செத்தவங்களை அடக்கம் பண்ணி வைக்கிறது எல்லாம் நான்தான். அதெல்லாம் யாரு வேணாலும் செய்வான் சாமி. என் வேலைன்னு ஒண்ணு இருக்கு, அது வருசத்துல ஒரு நாளு. பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் வியாகுலப் பிரசங்கம்.

உங்க டவுன்ல அச்சடிச்ச புஸ்தகத்தை வெச்சு வாசிப்பாங்க. நானும் ஒருக்கா வந்து கேட்டேன். தாசில் கச்சேரியில சம்மன் படிக்கிற மாதிரி இருந்துச்சு. நான் அப்படி இல்லைங்க. வருசா வருசம் புதுசா எழுதுவேன். தபசு காலம் நாப்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில படுக்கை, எழுத்து. மாதா சிலுவையடியில நின்னு மகனைப் பாத்துப் பொலம்புறதை எழுதி, மனசுல ஏத்தி, காயிதமில்லாம மேடையில ஏறுவேன். ஓ வியாகுல சமுத்திரமே, திவ்விய மாதாவே, உமது நேச குமாரனாகிய செந்தாமரை மலரைக் கொடுஞ்சேவகரென்னும் மதகரிகள் மிதித்துத் துவைக்கக் கண்டீரோ! அப்டின்னு ஆரம்பிச்சேன்னா, கோயிலுக்குள்ள ஒரு கொழந்தை இருமாது. முப்பத்தஞ்சாம் வருசம் பதினோரு பொம்பளைங்க மயக்கம் போட்டு விழுந்தாங்க. பதினோரு பேரு! வெளிய தூக்கிட்டுப் போயி மொகத்துல தண்ணி தெளிக்க ஆளு பத்தல. கடைக்கார ரெங்கசாமி, நெத்தி நெறைய நாமம், அவரே சன்னலுக்கு வெளிய நின்னு மூக்கைச் சிந்துனாரு.

ஆமாங்க, பெருமை பாவந்தான். தெரியும். அதையும் சேத்துக்கங்க.

இந்தப் பிச்சைமுத்து யாருன்னா, கல்லொடைக்கிறவன். குடுமியான்மலைக்கு இங்கிட்டு இருக்கிற பாறையில வேலை. அந்த மலையில ஒரு காலத்துல எவனோ ராசா பாறை மேல சங்கீதத்தையே எழுத்தா வெட்டி வெச்சிருக்கான்னு சொல்லுவாங்க. அதுக்குப் பக்கத்துல கல்லொடைச்சா இவனுக்கும் சங்கீதம் வந்துருமா? அதான் எங்க சாமியாருக்குத் தோணிருச்சு. ஆனா ஆவன்னாவைக் காட்டுனா இது என்ன பூச்சிம்பான் பிச்சைமுத்து. சர்வேசுரன் கட்டளையிட்ட கற்பனை பத்துல ஆறாவதையும் ஒம்பதாவதையும் இன்னமும் மாத்திச் சொல்லுவான். நான் சொல்லிக் குடுத்துத் தேறாத மொத ஆளு அவன்தான். தாடைக்குள்ள எப்பவும் வெத்தலை. இவன் மாதாவா நின்னு பொலம்பப் போறானாம்.

மாசி மாசம் சாமியார் என்னையக் கூப்புட்டாரு. உபதேசியாரே, இந்த வருசம் நீங்க ஓய்வா இருங்க, வீட்டுல துக்கம் நடந்திருக்கு, பிச்சைமுத்து வேலை செஞ்சுக்கிட்டே மாதா பாடுகளை அவன் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தான், கேட்டேன், நல்லா இருந்துச்சு, அவன் சொல்லட்டும்னாரு. ஓய்வு வேணும்னு நான் கேட்டேனா? பரிதாபப்பட்டுக் கையில இருக்கிறதைப் புடுங்கிக்கிறது என்ன கருணை சாமி?

துக்கமா? ஆமாங்க. எங்களுக்கு ஒரே மகன். குழந்தைசாமின்னு பேரு. பத்தொம்பது வயசு. புதுக்கோட்டையில படிச்சுட்டு வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். போன ஐப்பசியில பேதி வந்துச்சுல்ல, ஊர்ல பதினாலு பேரு. அதுல அவனும் ஒருத்தன். சர்வேசுரன் குடுத்தாரு, எடுத்துக்கிட்டாரு. அதை விடுங்க சாமி, நான் பிச்சைமுத்து கதைக்கு வாரேன்.

அவன் சொல்றது பிரசங்கமே இல்ல, ஒப்பாரி. அஞ்ஞானிங்க சாவு வீட்டுல மாரடிச்சுக்கிட்டு பாடுறாங்களே, அது. இந்த ஊர்ல அதை ஒழிச்சது நான். உயிர்ப்பு இருக்குன்னு நம்புறவன் எதுக்குய்யா மண்ணுல பொரளுறேன்னு வீடு வீடாப் போயிக் கேட்டு நிறுத்துனேன். ஊருக்கு ஒண்ணு வீட்டுக்கு ஒண்ணு வெச்சுக்கிட்டவன் இல்ல நான். குழந்தைசாமிய நடுவீட்டுல கெடத்தியிருக்கு, என் சம்சாரம் இன்னாசியம்மா தலையை விரிச்சுக்கிட்டு வாயைத் தொறந்தா. ஏ ராசான்னு ஒரு வார்த்தைதான் வந்துச்சு. அடியேய், நீ உபதேசியார் பொண்டாட்டி, ஊரு பாக்குது, செபமாலையை எடுன்னேன். எடுத்துட்டா. அன்னைக்கு மூடுன வாயிதான். அழுகவே இல்ல சாமி. அடக்கத்துக்கும் அழுகல, முப்பதாம் நாளு பூசைக்கும் அழுகல. சோறு வேணுமா, வெளக்கு பொருத்தவா, அம்புட்டுத்தான் பேச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை கூட இருந்துச்சு, பாத்தியா, என் வீட்டுல விசுவாசம் எப்படின்னு. நெனச்சா இப்பக் கூசுது.

நான் எழுதுறதை நிறுத்தல. கடைசி நேரத்துல சாமியாரு மனசு மாறுவாரு, பிச்சைமுத்து ஒளறுவான், கூப்புடு உபதேசியாரைம்பாங்கன்னு ஒரு நெனப்பு. தபசு காலத்துல நான் உள்ளறையில ஒக்காந்து எழுதுறேன், இந்தப் பய எங்க வீட்டுக் கொல்லையில அம்மி கொத்த வந்துட்டான். அம்மி வழுவழுத்துப் போச்சு, மொளகா அரைபட மாட்டேங்குதுன்னு இன்னாசியம்மாதான் வரச்சொல்லியிருக்கா. சரி, ஒரு அம்மி கொத்த எம்புட்டு நேரம் ஆகும்? அரை நாளு. இவன் மூணு நாளு வந்தான். டொக்கு டொக்குன்னு மண்டையில அடிக்கிற மாதிரி. அவ பக்கத்துல ஒக்காந்து பருப்பைப் பொடைச்சுக்கிட்டு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா. சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நான் எட்டிப் பாத்து, ஏண்டா, அம்மி கொத்துறியா கோபுரம் செதுக்குறியான்னு கேட்டேன். அவன் உளியை நிறுத்திட்டுக் குனிஞ்சுக்கிட்டான். அவளும் வாயை மூடிக்கிட்டா. எனக்கு அப்பவும் உரைக்கல சாமி. வீட்டுல பேசாத பொம்பளை இவன்கிட்ட என்ன பேசுறான்னு தோணணுமா இல்லியா? தோணல. மதகரிக்கு அடுத்த வரி வரலேன்னு ரோசனை எனக்கு.

இருங்க, இருங்க, என் பாவத்துக்குத்தான் வாரேன்.

நேத்து மத்தியானம். எனக்கு என்ன வேலை குடுத்தாரு தெரியுமா எங்க சாமியாரு? மரக்கட்டை. பெரிய வியாழன்லருந்து மணி அடிக்கக் கூடாதுல்ல, அதுக்குப் பதிலாக் கட்டையத்தானே தட்டுறோம். பிரசங்கத்துல தலை சாய்ச்சு உயிர்விட்டாருன்னு வார்த்தை வந்த ஒடனே கட்டையத் தட்டணும். தட்டுனா ஊரே முட்டி போடும். அத்தோட பிரசங்கம் முடிஞ்சது, அதுக்கு மேல யாரும் வாயத் தொறக்கக் கூடாது. இந்த ஊரு வழக்கம் அது, எங்க பாட்டன் காலத்துலருந்து. இருபத்தொரு தடவை நான் மேடையிலருந்து சொல்ல, மணியடிக்கிற கோயில்புள்ளை தட்டுனான். இந்தத் தடவை அவன் சொல்ல நான் தட்டணுமாம். சரின்னு வாங்கிக்கிட்டேன். உபதேசியாருக்குக் கோவமில்லன்னு ஊரு பேசட்டும்னு.

ஏறி நிக்கிறான். தோச்ச வேட்டிதான், ஆனா முட்டியில கல்லுப்பொடி போகல. சிலுவை போட எடது கையத் தூக்கிட்டு வலது கைக்கு மாத்துறான். எனக்குச் சிரிப்பு. இன்னைக்கு இருக்கு வேடிக்கைன்னு தூணுல சாஞ்சுக்கிட்டேன். எடுத்த எடுப்புல ஓ-வும் இல்ல, திவ்வியமும் இல்ல. மாதாவை ஆத்தாங்கிறான் சாமி! பக்கத்து வீட்டுப் பொம்பளையக் கூப்புடுற மாதிரி. ஏ ஆத்தா, நீ எப்படித்தான் நின்னியோ, நின்ன காலு கடுக்கலையாங்கிறான். தேவமாதாவுக்குக் காலு கடுக்குமா? எந்த வேதபுஸ்தகத்துல இருக்கு? ராகமில்ல, ஏத்த எறக்கமில்ல. சும்மா பேசுறான். சொல்லிட்டு நிறுத்துறான். அடுத்து என்னன்னு அவனே ரோசிக்கிற மாதிரி நிக்கிறான். அப்பறம் சொல்லுறான்.

ஒருத்தி மயங்கி விழல. அதைக் குறிச்சுக்கங்க. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். ஒருத்தி கூட இல்ல. மாரடிக்கல, கத்தல. ஆனா திரும்பிப் பாக்குறேன், முனியாயி ஒக்காந்திருக்கா, நாலு பிள்ளையப் பேதிக்குக் குடுத்தவ, கண்ணுலருந்து அது பாட்டுக்கு ஊத்துது, தொடைக்கக் கூட இல்ல. ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் தரையப் பாத்துக்கிட்டு இருக்கான். சாவு விழுந்த வீட்டு ஆளு அம்புட்டும் ஒண்ணா ஒக்காந்திருக்கு. என் பிரசங்கத்துக்கு அழுதா வெளிய வந்து, இந்த வருசம் பிரமாதம் உபதேசியாரேம்பாங்க. இது அப்படி அழுகை இல்ல.

பொறாமையான்னு கேக்கறீங்களா? இருந்துச்சு. எழுதிக்கங்க. ஆனா அதுக்காக நான் இம்புட்டு நேரம் உங்களைப் புடிச்சு வைக்கல.

சிலுவையிலருந்து எறக்குன மகன் காலை மாதா புடிச்சுப் பாக்குறா. அதைச் சொல்லுறான். ராசா, ஒன் காலு இம்புட்டு நீளமாடா, தூளியில கெடந்தப்ப சாண் காலு, தூளியத் தாண்டி வெளிய வந்தப்ப சிரிச்சேனே, இப்பக் கட்டிலைத் தாண்டிக் கெடக்கேடாங்கிறான். எனக்குச் சுருக்குன்னுச்சு. சேசுநாதர் எங்க சாமி கட்டில்ல கெடந்தாரு? ஒளறுறான்னு நெனச்சேன். நெனச்சேனே ஒழிய, மனசு ஒப்பல. எங்க வீட்டுக் கட்டிலு சின்னக் கட்டிலு. கல்யாணத்துக்கு அவ அப்பன் போட்டது. குழந்தைசாமி என்னைய விட ஒசரம்.

அப்பறம் முன்னுக்குப் பின்னாத் தாகத்துக்கு வாரான். இவனுக்கு ஏது வரிசை. தாகமாயிருக்கேன்னு சேசுநாதர் சொன்னாருல்ல. வேதத்துல கடற்பஞ்சைக் காடியில தோச்சுக் கோலுல வெச்சு நீட்டுனாங்க, அம்புட்டுத்தான். பச்சைப்புள்ளைக்கும் தெரியும், நான்தான் சொல்லிக் குடுத்தேன். இவன் சொல்லுறான், மாதா செம்புல தண்ணி மோந்துக்கிட்டு ஓடி வாராளாம். செம்பு! சிலுவை நட்ட கொல்கொத்தா மலையில செம்பு! நான் எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சிரிச்சிருக்கணும். சிரிப்பு வரல சாமி. அவன் சொல்லுறான், ஆத்தா தண்ணி, ஆத்தா தண்ணின்னு ஆறு தடவை கேட்டியே, ஒதடு வெடிச்சுக் கெடந்துச்சே, நான் மோந்துக்கிட்டு வந்தேனே, ஒன் வாயிக்கும் செம்புக்கும் நடுவுல நாலு வெரக்கடைதானே இருந்துச்சு, அப்பத்தானே அந்தச் செம்பை...

அங்கன நிறுத்துனான். அவன் வழக்கமா நிறுத்துற மாதிரிதான் நிறுத்துனான்.

நான் கட்டையத் தட்டிட்டேன்.

ஆமாங்க, தெரிஞ்சுதான். கை தவறல. ஓங்கித் தட்டுனேன். மூணு தடவை. ஊரு என்ன செய்யும்? கட்டைச் சத்தம் கேட்டா முட்டி போடணும், போட்டுருச்சு. அங்க சேசுநாதர் இன்னும் உயிர்விடவே இல்ல, தாகமாயிருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. அவரைச் சாகுறதுக்கு முன்னாடியே நான் சாகடிச்சுட்டேன். எங்க சாமியாரு திரும்பி என்னைய மொறைச்சாரு, ஆனா என்ன பண்ணுவாரு, தட்டுனது தட்டுனதுதான், அவரும் முட்டி போட்டாரு. பிச்சைமுத்து வாயைத் தொறந்தவன் தொறந்தபடியே நின்னான். அப்பறம் எறங்கி வந்தான். என்னையத் தாண்டித்தான் போகணும். கோவமாப் பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும். பாவம்னு பாத்தான் சாமி. கற்பனை பத்தும் தெரியாதவன் என்னையப் பாவம்னு பாக்குறான்.

ஏன் தட்டுனேனா? இம்புட்டு நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன், இன்னுமா வெளங்கல உங்களுக்கு?

அந்த வார்த்தை பிச்சைமுத்து வார்த்தை இல்ல. அவனுக்கு எப்படித் தெரியும் ஆறு தடவைன்னு? அந்த வீட்டுக்குள்ள அன்னைக்கு மூணு பேருதான் இருந்தோம். பேதி வீட்டுக்குள்ள யாரு வருவா? ஒருத்தன் செத்துட்டான். நான் யாருகிட்டயும் சொல்லல. மிச்சம் அவதான். அம்மி கொத்துற சத்தத்துக்குள்ள ஒக்காந்து, நான் அழுக விடாத அழுகையை எல்லாம் அவன்கிட்டச் சொல்லியிருக்கா. அவன் அதை மாதா வாயில வெச்சு ஊரு முன்னாடி சொல்லுறான். அவ பொம்பளைங்க வரிசையில, மூணாவது ஆளா, நிமிந்து ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கா. நான் கட்டையத் தூக்குனதைப் பாத்தா. என் கண்ணைப் பாத்தா. நான் தட்டுனேன்.

பேதிக்காரனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு வைத்தியரு சொன்னாரு. ஊரே சொல்லுச்சு. குடுத்தா செத்துருவான்னு சொன்னாங்க. நான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன், நாலு பேருக்குப் புத்தி சொல்றவன், அவளுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். அவ மோந்துக்கிட்டு வந்த செம்பைத் தட்டிவிட்டது நான்தான் சாமி. சுவத்துல பட்டு உருண்டுச்சு. தண்ணி தரையில ஓடுறதை அவன் கட்டில்லருந்து பாத்துக்கிட்டே இருந்தான். தண்ணி குடுத்தா செத்துருவான்னாங்க, குடுக்கல. விடியுறதுக்குள்ள செத்துட்டான்.

இப்ப முனியாயி சொல்லுறா, அவ கடைசிப் பையன் பானையோட எடுத்துக் குடிச்சானாம். பொழைச்சுக்கிட்டான்.

இல்லைங்க, அழுகல. தொண்டை கரகரங்குது. நாப்பது நாளு ஒருவேளைச் சாப்பாடு.

வீட்டுக்குப் போனோம் நேத்து. அவ ஒண்ணும் கேக்கல. கஞ்சி ஊத்தி வெச்சா. இன்னைக்கும் ஒண்ணும் கேக்கல. அந்தச் செம்பைன்னு அவன் நிறுத்துனானே, அதுக்கு அடுத்து என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பாவின்னு இருந்துச்சா, கொலைகாரன்னு இருந்துச்சா. இல்ல, அந்த மனுசனும் மகனைக் காப்பாத்தத்தானே தட்டிவிட்டாருன்னு இருந்துச்சா. அப்படியும் இருந்திருக்கலாம்ல சாமி? அவ அப்படிச் சொல்லக் கூடியவதான். ராத்திரி பூரா அந்த ஒரு வரிதான். இருபத்திரெண்டு வருசமா எழுதுறேன், அந்த ஒரு வரிய என்னால எழுத முடியல.

பொறாமை, பெருமை, கோயில் முறையைக் கெடுத்தது, அப்பறம் இது. இது எந்தக் கற்பனையில வருதுன்னு எனக்குத் தெரியல. கொலை செய்யாதேங்கிற அஞ்சாவதான்னு நீங்கதான் சொல்லணும். அபராதம் குடுங்க சாமி.

என்னது?

இல்லைங்க சாமி. அது வேணாம். அம்பத்துமூணு மணி செபமாலை, தெனமும் மூணு, ஒரு வருசம் சொல்லுறேன். இந்த வெயில்ல ஆவூர் மாதா கோயில் வரைக்கும் வெறுங்காலோட நடந்து போயிட்டு வாரேன். பிச்சைமுத்து கால்ல ஊரு பாக்க விழச் சொல்லுங்க, விழுறேன். எழுதுன நோட்டை எல்லாம் அடுப்புல போடுறேன். ஆனா அவ முன்னாடி போயி ஒக்காந்து, மிச்சத்தைச் சொல்லு இன்னாசி, நான் கேக்குறேன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க.

பயமா இருக்கு சாமி. கேக்காம இருக்கிற வரைக்கும், அவ என்னைய மன்னிச்சிருப்பான்னு நானா நெனச்சுக்கிட்டுக் காலத்தை ஓட்டிரலாம்.

கேட்டா அவ சொல்லிருவா.